வளர்ப்புப் பெற்றோருக்கு ஊரார் துணை

தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவு வேண்டிய குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு ஒரு குடும்பத்தினிடம் குறித்த காலத்திற்கு ஒப்படைக்கிறது. பெற்றோர் நிலைபெற்றால் குழந்தை அவர்களிடமே திரும்பலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியுண்டு.

ஆயினும் வளர்ப்போரை வாட்டுவது செலவு மட்டுமன்று, “யார் பெற்ற பிள்ளை?” என்று திண்ணையில் எழும் கேள்வியுமாகும். பிரியும் நாளை எண்ணி வரும் கலக்கம் வேறு. ஓர் ஊரில் இத்தகைய குடும்பம் ஒன்றிருப்பதே அரிதாதலால், அண்டை ஊர்க் குடும்பங்களையும் சேர்த்து மாதம் ஒருமுறை கூட்டுவித்தல் நலம். ஏரி நீரைப் பங்கிடக் கூடிப் பேசிய உத்திரமேரூர் வட்டாரத்திற்கு இது புதிதன்று. நள்ளிரவில் விழித்தழும் குழந்தையைத் தேற்றியறிந்த தாயின் சொல், எங்கள் சுற்றறிக்கையினும் பயன்படும். ஊராட்சித் தலைவரின் தலைமையிலமைந்த கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இதற்கு இடமளிக்கலாம். குழந்தையின் பூர்விகம் மட்டும் அங்கே பேசப்படலாகாது.