நம் கடை வரி எந்த அரசாங்கத்துக்கு?

அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறோம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் ஒரு சில்லறைக் கடைக்காரர்கூட மூன்று ஆட்சிகளுடன் கணக்கு வைத்திருக்கிறார். எந்த விடயம் யாருடைய கையில் என்று தெரியாவிட்டால், அலைச்சலும் பணச்செலவும் நமக்குத்தான்.

நாலந்தாவில் ஏ-9 வீதியோரம் இருக்கும் எனது கடையையே எடுத்துக் கொள்வோம். வியாபாரப் பெயரைப் பதிவது மாகாணத்தின் விடயம். வியாபார அனுமதிப்பத்திரம் பிரதேச சபையுடையது. தராசுக்கு முத்திரையிடுவதும் பெறுமதி சேர் வரி அறவிடுவதும் மத்திய அரசு. லொறியின் முதற்பதிவு மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமோ மாகாணத்திடம். வாசலில் ஓடும் ஏ-9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது; உள்ளே பிரியும் பாதைகள் மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ உரியவை.

இலங்கை சமஷ்டி நாடல்ல, ஒற்றையாட்சி நாடு. ஆனாலும் 1987இல் வந்த 13ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது. ஒன்று மாகாணத்துக்கு, ஒன்று மத்திக்கு, மற்றது இருவருக்கும் பொது. மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரி மாகாண நிரலில் சேர்ந்தது. மாகாண சபைக்குச் சொந்தமாகக் கிடைத்த பெரிய வருமானம் அதுதான்.

2011 ஜனவரியில் அந்த வரி நீக்கப்பட்டது. நமக்கு ஒரு படிவமும் ஒரு வரியும் குறைந்தன, அது நல்லதே. ஈடாக, மத்திய அரசு அறவிட்ட தேசக் கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியையும் மத்தி நீக்கியது. அதோடு அந்தப் பங்கும் போயிற்று. வரியை நீக்கியவர் ஒருவர், வருமானத்தை இழந்தவர் வேறொருவர்.

அயல்நாட்டில் என்ன செய்தார்கள்? இந்தியாவில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களும் தமது விற்பனை வரிகளின் பெரும்பகுதியைக் கைவிட்டன. ஆனால் ஜி.எஸ்.டி. மன்றத்தில் அவற்றுக்கு இடம் கிடைத்தது. அங்கே மத்திக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆகவே எந்தத் தரப்பும் தனித்து முடிவெடுக்க இயலாது. ஐந்து வருடங்களுக்கு நட்டஈடும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. கூட்டு வியாபாரத்தில் பங்காளியிடம் கேட்காமல் கல்லாவில் கை வைக்க முடியாது என்பது போன்ற ஏற்பாடு இது.

இங்கே நிதி ஆணைக்குழு உண்டு. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என ஐவர். மாகாணங்களுக்கு எவ்வளவு பணம் என்று அது சிபாரிசு செய்யும். சிபாரிசுதான், வாக்கு அல்ல. அத்துடன், மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின், தேர்தல் பல வருடங்கள் தள்ளிப்போனது. மாகாணத்தின் சார்பில் கேட்கத் தெரிவான உறுப்பினரும் இல்லாமற் போயினர்.

இது அரசியல்வாதிகளின் கதை என்று விட்டுவிடக் கூடாது. மாகாணத்திடம் பணமில்லையென்றால் மாகாணப் பாதையும் கிராமத்து வைத்தியசாலையும் திறைசேரியைப் பார்த்துக் காத்திருக்கும். பாதை கெட்டால் சந்தைக்கு வரும் மரக்கறியும் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரும் குறைவர்.

வரி நீக்கம் என்ற செய்தி வரும்போது மகிழ்வோம். கூடவே இரண்டு கேள்விகளையும் நமது வர்த்தக சங்கங்கள் எழுத்தில் கேட்கட்டும்: அது யாருடைய வருமானம்? அதற்குப் பதிலாக என்ன வருகிறது?