யாழை மீட்ட ஆசிரியர்

திருகோணமலை என்றதும் வெளியூரார் துறைமுகத்தை நினைப்பர். நமக்கோ கோணேசர் கோயிலும், அப்பெருமானின் பெயர் தாங்கிய இந்துக் கல்லூரியும் உடன் நினைவுக்கு வரும். 1897 இல் தோன்றிய அக்கல்லூரி 1925 இல் இராமகிருஷ்ண மிஷன் வசமாயிற்று. அப்போது மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றவர் முப்பத்துமூன்று வயதுத் துறவி ஒருவர். பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டுக் கிடந்த அக்காலத்தில், ஆங்கிலக் கல்வியை நாடிய சைவப் பிள்ளைகள் பெரும்பாலும் பாதிரிமார் பள்ளிகளுக்கே செல்ல வேண்டியிருந்தது. அக்கல்வியைத் தம் சமயத்தையும் மொழியையும் விடாமலே அவர்கள் பெறவேண்டும் என்று உழைத்த அத்துறவியே சுவாமி விபுலாநந்தர்.

1892 இல் காரைதீவிலே பிறந்த அவர்தம் இயற்பெயர் மயில்வாகனன். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமானார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்து, 1924 இல் துறவு பூண்டார். பண்டிதரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருவருள்ளே இருந்தமையை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். யாழ்நூல் பிறந்தது அதனாலேதான்.

யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதன் உருவம் யாது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. எஞ்சியிருந்தவை ஏட்டுச் சொற்களே. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டதும், சுவாமிகள் பிறந்த அதே 1892 ஆம் ஆண்டிலேதான். அந்நூலின் அரங்கேற்று காதையையும் பழைய உரைகளையும் பற்றுக்கோடாகக் கொண்டு, ஏறக்குறைய 14 ஆண்டுகள் அடிகளார் ஆராய்ந்தார். நம் முன்னோர்க்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று மேடையில் முழங்குவார் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர் முழங்கவில்லை, அளந்தார்.

அளந்தது எவ்வாறு? ஒரு நரம்பை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் அழுத்தி மீட்டினால், முழு நரம்பின் ஒலிக்கு ஐந்தாம் சுரம் பிறக்கும். அதாவது சட்சத்திற்குப் பஞ்சமம். பழந்தமிழர் இவ்வுறவைக் கிளை என்றனர். நான்கில் மூன்று பங்கில் மத்திமம் பிறக்கும், அது நட்பு. மாணவர்கள் வீட்டிலுள்ள வயலினில் அடிமட்டம் வைத்துத் தாமே சோதித்துப் பார்க்கலாம். இத்தகைய கணக்கைக் கொண்டே ஏழு நரம்புச் செங்கோட்டியாழ் முதல் இருபத்தொரு நரம்புப் பேரியாழ் வரை உரைகள் கூறுவனவற்றை அவர் விளக்க முற்பட்டார். அவர் முடிபுகள் சிலவற்றை இசையறிஞர் மறுத்ததும் உண்டு. கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்ததனாலன்றோ மறுக்கவும் முடிந்தது!

அதே ஆங்கில ஆட்சியின் கீழ், கரீபியன் கடலிலுள்ள திரினிதாத் தீவிலும் இத்தகைய ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1901 இல் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் அங்கே கல்லூரி ஆசிரியராயிருந்தவர். பின்னர் எயிட்டி நாட்டு அடிமைகளின் புரட்சி வரலாற்றை 1938 இல் நூலாக வெளியிட்டார். அரசியலில் இருவருக்கும் பொருத்தமில்லை. எனினும், தம்மவர் மறந்ததைத் தேடி எடுக்கும் வேலையை ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களே செய்தமை நோக்கத்தக்கது.

ஆராய்ச்சி மிகுந்தபோதும் அடிகளார் கற்பித்தலைக் கைவிடவில்லை. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிகளுக்குச் சென்று, பள்ளி வாசலை அறியாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார்.

யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 யூன் 5, 6 ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அவர் கணித்தவாறு செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அவற்றை மீட்டிய ஒலியை நோயுற்றிருந்த அடிகளார் கேட்டார். ஆறு வாரங்கள் சென்றபின், யூலை 19 ஆம் நாள், கொழும்பில் அவர் உயிர் பிரிந்தது. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், அவரே நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில் அவர்தம் சமாதி உள்ளது.