உதட்டுவாசிப்பு: தமிழ் ஒலியமைப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

செவிப்புலனற்ற ஒருவர் எதிரே நிற்பவரின் உதட்டசைவைக் கொண்டு அவரது பேச்சை விளங்கிக்கொள்வதை உதட்டுவாசிப்பு என்பர். 'வாசிப்பு' என்ற சொல் இங்கு ஓரளவு மயக்கந் தருவதாகும். நூலை வாசிப்பவருக்கு எழுத்துக்கள் யாவும் தாளிற் கிடைக்கின்றன. உதட்டை வாசிப்பவருக்கோ அவற்றுட் பெரும்பாலானவை காட்சிக்கு வருவதேயில்லை. இவ்வுண்மை கேட்புடையோரிடையே போதியளவு உணரப்படாமையால், விளங்காமை எப்பொழுதும் செவிப்புலனற்றவரின் குறையாகவே கணிக்கப்படுகிறது. இக்கணிப்பின் பொருந்தாமையைத் தமிழின் ஒலியமைப்பைக் கொண்டே காட்டலாம்.

எழுத்துக்கள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைக்கிறார். மெய்கள் 18இல் ப, ம ஆகிய இரண்டும் இதழோடு இதழ் பொருந்தப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. எஞ்சிய 15 மெய்களும் வாயினுள்ளேயே உருவாகின்றன. த, ல போன்றவற்றில் நாநுனி சிறிது தென்படக்கூடும், அவ்வளவே. உயிர்கள் 12இல் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்துமே இதழ் குவிந்து பிறப்பவை.

கண்ணுக்குப் புலனாகும் அச்சில எழுத்துக்களும் தம்முள் மயங்குவன. பகரத்தையும் மகரத்தையும் பிரித்துக் காட்டுவது மூக்கின்வழிச் செல்லும் காற்றேயன்றி உதடு அன்று. ஆகவே அப்பா, அம்மா என்னும் இரு சொற்களும் உதட்டில் ஒரே தோற்றத்தன. அக்கா, அண்ணா என்பனவும் அவ்வாறே. அவற்றில் இதழுக்குத் தொழிலே இல்லை. கலை, களை, கழை என்பவற்றை உதட்டைக்கொண்டு வேறுபடுத்த எவராலும் இயலாது. சந்தையில் விலை கேட்பவருக்கு ஏழும் எட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும்.

இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடப்பெறும் நிரோட்டகம் என்ற செய்யுள்வகை தமிழில் உண்டு. சிவப்பிரகாச சுவாமிகளின் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' இதற்குப் பெயர்பெற்றது. புலவருக்கு அது அருஞ்சாதனை. உதட்டை நோக்கியிருக்கும் செவிப்புலனற்றவருக்கோ நாளாந்தப் பேச்சிற் பெரும்பகுதியும் நிரோட்டகமே.

இனி, இலக்கண அமைப்பு இன்னொரு இடர்ப்பாட்டைத் தோற்றுவிக்கிறது. தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை இறுதியில் வருகிறது. திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் விகுதி அவ்வினையின் இறுதியில் நிற்கிறது. எதிர்மறையும் பெரும்பாலும் அங்கேயே வெளிப்படும். வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றின் வேறுபாடு நாவின் செயலேயாதலால் உதட்டில் தோன்றாது. பேசுவோர் விழுங்கிவிடுவதும் இவ்விறுதிப் பகுதியையே. எனவே உதட்டுவாசிப்பாளர் வாக்கியம் முடியும்வரை பல பொருள்களை மனத்திலிருத்திக் காத்திருந்து, சூழலைக்கொண்டு ஒன்றை ஊகிக்கிறார். அதற்குள் அடுத்த வாக்கியம் தொடங்கிவிடுகிறது. இவ்வுழைப்பின் களைப்பைக் கேட்புடையோர் கவனக்குறைவு எனக் கொள்வதுண்டு.

இருவழக்குப் பிரச்சினையும் மனங்கொள்ளத்தக்கது. கேட்புடைய பிள்ளை பேச்சுவழக்கை முதலிற் பெற்று, எழுத்துவழக்கைப் பின்னர்ப் பள்ளியிற் கற்கிறது. பிறவியிலேயே செவிப்புலனற்ற பிள்ளை பலவேளைகளில் தமிழைப் புத்தகத்திலேயே சந்திக்கிறது. 'போகிறேன்' என்று எழுதக் கற்ற பிள்ளைக்கு முன்னால் யாழ்ப்பாணத்து உதடுகள் 'போறன்' என அசைகின்றன. அறியாத சொல்லை உதட்டில் ஊகித்தல் இயலாது. மொழியறிவு முன்னதாக இருந்தாலன்றி உதட்டுவாசிப்புக் கைகூடாது என்பதே இதன் பொருள். உதட்டின் வழியாகவே மொழியைப் புகட்டிவிடலாம் என எண்ணிய கல்விமுறை இங்கேதான் இடறியது.

அம்முறைக்கு உலகளாவிய செல்வாக்கை அளித்தது 1880இல் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மகாநாடு ஆகும். ஏறத்தாழ முற்றிலும் கேட்புடையோரே நிறைந்திருந்த அம்மகாநாடு, பேச்சுமுறையே சைகைமுறையினும் மேலானது எனத் தீர்மானித்தது. இலங்கையில் 1912இல் மேரி சப்மன் என்னும் மிசனரி அம்மையார் தொடங்கிய முதலாவது பாடசாலையும் அச்செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்திலேயே தோன்றியது. மிலான் தீர்மானங்கள் விளைத்த தீங்குக்கு 2010இல் வன்கூவரிற் கூடிய மகாநாடே வருத்தந் தெரிவித்தது. நூற்றுமுப்பது ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன. இதற்கிடையில், 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம், 'மொழி' என்பதன் வரைவிலக்கணத்திலேயே சைகைமொழியையும் அடக்கியது. இலங்கை அதனை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது.

எனினும் கருமபீடத்தின் முன் நிற்பவருக்கு உதடே எஞ்சுகிறது. செவிப்புலனின்மை வெளியே தெரியாதவரை அவர் அகந்தையுடையவராகவோ மந்தபுத்தியினராகவோ கருதப்படுகிறார். செவியிற் பொருத்திய கருவியோ கையசைவோ அதனை வெளிப்படுத்தியதும் நிலைமை மாறுகிறது, சீராவதில்லை. உத்தியோகத்தர் உரக்கக் கத்துகிறார். கத்தும் வாய் கோணுவதால், ஏற்கெனவே தெளிவற்ற உதட்டசைவு மேலும் சிதைகிறது. அல்லது உடன்வந்தவரிடம் திரும்பி, 'இவருக்கு என்ன வேணும்?' என வினவுகிறார். வளர்ந்த மனிதர் அக்கணத்தில் மூன்றாம் ஆளாகிவிடுகிறார். இந்நிலையைத் தவிர்க்கவே பலர் விளங்காதபோதும் தலையசைக்கின்றனர். வைத்தியசாலையில், மருந்தின் அளவு கூறப்படும் வேளையில், அத்தலையசைப்பு உயிராபத்தாகவும் முடியலாம். 2020இல் கொரோனாத் தொற்றின்போது முகக்கவசம் உதட்டையே முற்றாக மறைத்தது.

கேட்புடையோர் செய்யக்கூடியவை அரியனவல்ல. வெளிச்சம் தம் முகத்தில் விழுமாறு நேரே நின்று, வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, இயல்பான வேகத்திற் பேசுதல் வேண்டும். கிளினிக்கில் இலக்கத்தைக் கூவுவதோடு பலகையிலும் எழுதலாம். விளங்காத சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுவதிலும் வேறொரு சொல்லாற் கூறுதல் பயன்தரும். 'எட்டு' விளங்காதவருக்கு எட்டு விரல்களைக் காட்டலாம், அன்றேல் தாளில் எழுதிக் கொடுக்கலாம்.