சுறாவும் சொறியும்

வெப்ப மண்டலக் கடல்கள் நீந்துவார்க்கு இனியன. குளிர்நாட்டுக் கடலில் உடல் விறைத்துப்போகும் இடர் இங்குக் குறைவு. ஆயினும், அவ்வெதுவெதுப்பு மனிதனுக்கு மட்டும் உரியதன்று. சுறா, கடற்பாம்பு, திருக்கை, ஆமை, சொறி முதலிய எண்ணிறந்த உயிர்கள் அந்நீரையே இல்லமாகக் கொண்டு வாழ்கின்றன. கரையினின்று நெடுந்தொலைவு நீந்திச் செல்வோன், அவ்வில்லத்துள் அழையாது புகும் விருந்தினன் ஆவான்.

அவ்வுயிர்களுள் மக்கள் பெரிதும் அஞ்சுவது சுறாவையே. கடலில் இறங்குவோன் நெஞ்சில் முதலில் தோன்றுவது, நீரைக் கிழித்து வரும் அதன் முதுகுத் துடுப்பாகும். இவ்வச்சம் முற்றும் பொய்யன்று; எனினும் அளவு கடந்தது. உலகம் முழுவதிலும் ஓராண்டில் சுறாவால் இறப்போர் தொகை பெரும்பாலும் பத்தை ஒட்டியே நிற்கிறது. மனிதர் வலையிலும் தூண்டிலிலும் மாயும் சுறாக்களோ கோடிக்கணக்கின. கடற்பாம்பின் நஞ்சு கொடியது. ஆயினும், துன்புறுத்தினாலன்றி அது கடிப்பது அரிது. அதன் கடிக்கு ஆளாவோருள் மிகுதியானவர் நீந்துவோர் அல்லர். வலையில் சிக்கிய பாம்பைக் கையால் எடுக்க முயலும் மீனவரே.

நீந்துவோனை மெய்யாகவே வருத்துவது வேறொன்று. அதற்கு எலும்பு இல்லை, பல் இல்லை, மூளையும் இல்லை. அதன் உடலில் நூற்றுக்கு 95 பங்கு நீரே. தமிழகக் கடற்கரை மீனவர் அதனைச் சொறி என்பர். தீண்டப்பெற்றவர் அப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர்.

சொறியின் குடை போன்ற உடலினின்று தொங்கும் இழைகளில், கண்ணுக்குப் புலனாகா நுண்பைகள் பல்லாயிரம் உள்ளன. ஒவ்வொரு பையுள்ளும் நஞ்சு தோய்ந்த நூல் ஒன்று சுருண்டு கிடக்கும். இழையின்மேல் ஏதேனும் படின், பையின் வாய் திறந்து, அந்நூல் அம்பெனப் பாய்ந்து தோலுள் தைக்கும். கண்ணிமைக்கும் நேரமும் அதற்கு மிக நெடிது. இச்செயலுக்குச் சினமும் வேண்டுவதில்லை, பசியும் வேண்டுவதில்லை. அறுந்து மிதக்கும் இழையும், இறந்து கரை ஒதுங்கிய சொறியும்கூடத் தைக்கும். ஆதலால் உடலில் ஒட்டிய இழையைக் கையாலோ மணலாலோ தேய்த்தல் தவறு. நன்னீர் விடுதலும் தவறு. எஞ்சிய பைகள் அதனால் வெடிக்கும். கடல்நீரால் அலசி, இழைகளை இடுக்கியால் மெல்ல எடுத்து, மருத்துவரை நாடுதலே முறை.

சொறிகளுள் மிகக் கொடியது, பெட்டிபோல் நாற்புறக் குடையுடைய இனம். ஏனையவை பெரும்பாலும் நீரோட்டத்தின் வழியே மிதந்து செல்ல, இது வேண்டிய திசையில் நீந்தவும் வல்லது. இதற்கு 24 கண்கள் உண்டு. மூளையில்லா உயிருக்கு இத்துணைக் கண்கள் எதற்கோ என வியவாதார் யார்! எதிர்ப்படும் தடைகளை விலகிச் செல்ல அவை உதவுகின்றன. இவ்வினத்துட் சில, இரவில் மேல்நீருக்கு வந்து விளக்கொளியை நாடும்.

இவ்வுயிரின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர் அமெரிக்க நாட்டு நீச்சல் வீராங்கனையாகிய டயானா நையாடு அம்மையார். கியூபாவின் தலைநகராகிய அவானாவினின்று, புளோரிடாவைச் சேர்ந்த கீ வெஸ்ட் தீவுவரை, ஏறத்தாழ 177 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. 1978ஆம் ஆண்டில், தம் 28ஆம் வயதில், சுறாவுக்கு அஞ்சி எஃகுக் கூண்டினுள் இருந்து நீந்தினார். கூண்டு சுறாவைத் தடுத்தது, காற்றைத் தடுக்கவில்லை. ஏறத்தாழ 42 மணி நேரத்திற்குப் பின் முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 2011ஆம் ஆண்டில் அவர் கூண்டின்றியே கடலில் இறங்கினார்; சுறாவைக் காண மூழ்காளர் காவல் இருந்தனர். முதன்முறை தோள்வலியும் மூச்சிரைப்பும் தடுத்தன. அடுத்த மாதமே மீண்டும் இறங்கினார். அந்தி மயங்கியபின் சொறிகள் தீண்டின. கை கால்கள் எரிந்தன, மூச்சுத் திணறியது. அந்நிலையிலும் விடாது நீந்தினார். மறுநாள் இரவு மீண்டும் தீண்டின. 2012ஆம் ஆண்டிலும் சொறியும் புயலுமே வென்றன. நான்கு முயற்சிகளுள் ஒன்றேனும் சுறாவால் முறிந்ததில்லை.

ஐந்தாம் முறை அம்மையார் சொறிக்கென்றே தம்மை அணி செய்துகொண்டார். உடலெல்லாம் மூடும் ஆடை, கையுறை, காலுறை ஆகியவற்றோடு, இரவில் முகத்தை மறைக்க மெல்லிய முகமூடியும் பூண்டார். பெட்டிச் சொறியின் நஞ்சை ஆராய்ந்த ஏஞ்சல் யனகிகாரா என்னும் அறிவியலாளரும் உடன் சென்றார். 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஏறத்தாழ 53 மணி நேரம் நீந்தியபின், 64 வயதில் கீ வெஸ்ட் கரையில் நடந்து ஏறினார்.

நடுநிலைச் சாட்சிகளும் முழுமையான பதிவுகளும் இல்லை என்னும் குறையால், அந்நீச்சல் இன்றுவரை முறைப்படி ஏற்கப்படவில்லை. அவ்வழக்கு எவ்வாறாயினும், கரையேறிய பொழுது அவர்தம் உதடுகள் வீங்கியிருந்தன, சொல் குழறியது. அவை சொறி தந்த துன்பமல்ல. உப்புநீரும், சொறியைத் தடுத்த முகமூடியும் தந்தவை.