கல்லூரிக்கு வெளியே – 6: ஃபீஸ் கட்டாமல் மில்டன்

1632-இல் கேம்பிரிட்ஜில் எம்.ஏ. முடித்த ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் வேலைக்குப் போகவில்லை. பாதிரியார் ஆவார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவரோ பல்கலைக்கழகத்தில் படித்தது போதாது என்று அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து கிரேக்கம், லத்தீன், வரலாறு என்று ஏறக்குறைய ஆறு வருடம் படித்தார். பத்திரம் எழுதியும் வட்டிக்குக் கொடுத்தும் சம்பாதித்த அப்பா சோறு போட்டார். 1638-இல் இத்தாலிக்குக் கிளம்பும்வரை படிப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

அந்த மில்டனையே இன்று கல்லூரி வாசலை மிதிக்காமல் படிக்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்புகள் சிலவற்றைப் படம்பிடித்து, 2007 டிசம்பர் முதல் இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கியது. அவற்றில் பேராசிரியர் ஜான் ராஜர்ஸ் நடத்திய மில்டன் பாடமும் உண்டு. 24 உரைகள், ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம். பேச்சு முழுவதும் எழுத்திலும் கிடைப்பதால் அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாதவர்களும் தவிக்க வேண்டாம். மூலநூலுக்கு டார்ட்மவுத் கல்லூரியின் ‘மில்டன் ரீடிங் ரூம்’ இருக்கிறது. அங்கே கவிதைகள் அடிக்குறிப்புகளோடு இலவசம்.

வாரத்துக்கு இரண்டு உரை கேட்டால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் உரை கேட்பது வேலையில் சிறு பங்குதான். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியம் மட்டுமே 12 காண்டம், பத்தாயிரம் வரிக்கு மேல். பேராசிரியரை முதலில் கேட்டுவிட்டு நூலை அப்புறம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் நூலைத் திறப்பதே இல்லை. உரைக்கு முன்பே அன்றைய பகுதியைப் படித்துவிட வேண்டும், அதுவும் வாய்விட்டு. 1652-க்குள் பார்வை முழுக்கப் போய்விட்ட மில்டன், இந்தக் காவியத்தைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். முதல் வாக்கியமே 16 வரி நீள்கிறது. அதன் முக்கிய வினைச்சொல் ஆறாவது வரியில்தான் வருகிறது. ஆங்கிலேய மாணவன் இங்கே திணறுவான். வினைமுற்றுக்காக வாக்கியக் கடைசிவரை காத்திருந்தே பழகிய தமிழ் வாசகருக்கு இது பெரிய கஷ்டமில்லை. கால்நடைத் துறை அதிகாரியான வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் முதல் காண்டத்தைச் ‘சுவர்க்க நீக்கம்’ என்று தமிழாக்கியிருக்கிறார். பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவைதான்.

மில்டனுக்குக் காப்புரிமைத் தொல்லை கிடையாது. அதே யேலில் ஏமி ஹங்கர்ஃபோர்டு நடத்திய, 1945-க்குப் பிந்தைய அமெரிக்க நாவல் பாடத்தை எடுத்தால் கதை மாறும். காணொலி இலவசம், நாவல்கள் அப்படியல்ல. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுவரை காப்புரிமை உண்டு. 1961-இல் இறந்த ஹெமிங்வே 2022-இல் பொதுவுடைமை ஆனார். அந்தப் பாடத்தில் வரும் டோனி மாரிசன் இறந்ததோ 2019-இல். அவருக்கு நூலகம்தான் வழி.

யேல் தராதது இரண்டு: சான்றிதழும் சிவப்பு மையும். சான்றிதழ் வேண்டுமென்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இலக்கியப் பாடங்கள் இருக்கின்றன. படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம். கட்டுரையைத் திருத்த ஆள் இல்லாததுதான் பெரிய இழப்பு. படித்ததைப் பற்றி நாலு பக்கம் எழுதி, அதை ஒருவர் மறுத்துப் பேசும்வரை என்ன புரிந்தது என்று தெரிவதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல் ஃபில்ரைஸ் 2012-இல் கோர்செரா இணையத்தளத்தில் தொடங்கிய ‘மாட்போ’ என்ற இலவசக் கவிதை வகுப்பு இந்தக் குறையைப் புரிந்துகொண்டது. அதில் ஆசிரியர் தனியாக நின்று உரையாற்றுவதில்லை. ஒரு மேசையைச் சுற்றி மாணவர்களோடு உட்கார்ந்து, ஒரே கவிதையை வரிவரியாகப் பிரித்துச் சண்டை போடுகிறார்.

அந்த மேசையை அடுத்த வாரம் பார்ப்போம்.