பாதுகாப்பு அலுவலர் நாற்காலியில் நம் பிள்ளைகள்

பட்டாசு ஆலையில் வெடிச்சத்தம் கேட்டால் விருதுநகர் மாவட்டத்தில் நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எத்தனை பேர்? எந்த ஊர்க்காரர்கள்? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினர். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருந்து கலக்கவும் செலுத்தவும் போகிறவர்களில் நம் தெருக்காரர்கள் ஏராளம். ஆபத்தான வேலையில் முன்வரிசையில் நிற்கும் நாம், அந்த ஆபத்தைத் தடுக்கும் பதவியில் எங்கே இருக்கிறோம்?

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. மரத்தடியில் வேலை பார்க்கக் கூடாது. உரிமத்தை உள்குத்தகைக்கு விடக் கூடாது. விபத்துக்குப் பிறகு பத்திரிகைகளில் வரும் விதிமீறல்கள் பெரும்பாலும் இவைதான். இவற்றை முன்கூட்டியே கண்டு வேலையை நிறுத்தச் சொல்வதற்கென்றே படித்த ஆள் வேண்டும். அவர்தான் பாதுகாப்பு அலுவலர்.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆயிரம் தொழிலாளர் உள்ள ஆலைக்கு இந்தப் பதவியைக் கட்டாயமாக்கியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 500 ஆகக் குறைத்தது. அபாயகரமான செய்முறை உள்ள ஆலைக்கும் கட்டுமானப் பணிக்கும் 250, சுரங்கத்துக்கு 100. வரம்பு இறங்க இறங்க வேலை வாய்ப்பு கூடும். நம் மாவட்டத்தில் நூற்பாலைகள், சிமெண்ட் ஆலை, அச்சகங்கள், பெரிய பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. தூத்துக்குடி பக்கம் அனல்மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் உண்டு.

தகுதி என்ன? பொறியியல் பட்டமும், ஆலையில் மேற்பார்வை நிலையில் இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும். பாலிடெக்னிக் பட்டயமோ இயற்பியல், வேதியியல் பட்டமோ பெற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு அனுபவம். அதற்கு மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டயம். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் இந்தப் படிப்பை நடத்துகிறது. சிவகாசியிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் தொழிற்பாதுகாப்பில் எம்.இ. படிக்கலாம். இன்னொரு தகுதியும் விதியில் இருக்கிறது: தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். அது நம் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'மூன்றே மாதத்தில் சேஃப்டி ஆபீசர்' என்று சுவரொட்டி ஒட்டும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அரசு அங்கீகாரம் இல்லாத சான்றிதழைக் கொண்டு ஆலையில் இந்தப் பதவிக்கு வர முடியாது. பணம் கட்டும் முன் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். நெபோஷ் என்பது பிரிட்டன் சான்றிதழ். வளைகுடா வேலைக்கு உதவும், இங்குள்ள பட்டயத்துக்கு ஈடாகாது. பட்டப்படிப்புக்கு ஆதிதிராவிட மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையும், திறன் பயிற்சிகளுக்குத் தாட்கோவும் உண்டு. மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அரசு வேலையும் இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உதவி இயக்குநர் பதவிக்குப் பொறியியல் பட்டதாரிகளை டி.என்.பி.எஸ்.சி. தேர்வு செய்கிறது. அங்கே 18 சதவீத இடஒதுக்கீடு நமக்கு உண்டு. தனியார் ஆலையில் அது இல்லை. அதனால்தான் அந்த இரண்டு ஆண்டு மேற்பார்வை அனுபவம் நமக்குப் பெரிய தடை. கூலிக்கு ஆள் எடுக்கும்போது நம் தெருவுக்கு வருகிறவர்கள், மேற்பார்வையாளர் தேடும்போது நம் தெருவை மறந்துவிடுகிறார்கள். பொறியியல் முடித்த நம் பிள்ளைகளைப் பயிற்சி மேற்பார்வையாளராக எடுக்க ஆலைகளை வலியுறுத்துமாறு மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 250 பேருக்குக் குறைவான சிறு ஆலைகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. உயிர் போவதோ அங்கேயும்தான். பத்துச் சிறு ஆலைகளுக்குப் பொதுவாக ஒரு பாதுகாப்பு அலுவலரை நியமித்தால் உயிரும் மிஞ்சும், படித்தவனுக்கு வேலையும் கிடைக்கும்.

அதுவரை வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். உடனடி ஆபத்து தெரிந்தால் அதை நிர்வாகத்திடம் சொல்லும் உரிமையைச் சட்டம் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. இன்று அதைச் சொல்லும் தாயின் மகள், நாளை அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும் அலுவலராக அதே ஆலைக்குள் நுழையட்டும்.