வேலி தாண்டிய அதிபர்கள் – 7: சொந்த ஆள் சொன்ன ‘முடியாது’

1952 ஏப்ரல் 8-ம் தேதி இரவு. அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டு மக்களிடம் பேசினார். நள்ளிரவு தாண்டினால் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்குவார்கள். கொரியாவிலோ போர் நடந்துகொண்டிருக்கிறது. எஃகு இல்லாமல் பீரங்கி ஏது, குண்டு ஏது? ஆகவே ஆலைகளை அரசே எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். வணிகத் துறை அமைச்சர் சார்லஸ் சாயரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

பேச்சு முடிந்த சூட்டோடு, ஆலை நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வாஷிங்டனில் ஒரு நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

ட்ரூமனை இதில் வில்லனாக்கிவிட முடியாது. அரசு கேட்டுக்கொண்டதால் தொழிற்சங்கம் மாதக்கணக்கில் பொறுத்திருந்தது. வேலைநிறுத்தத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. விலையை ஏற்ற விட்டால்தான் கூலியை ஏற்றுவோம் என்று முரண்டு பிடித்தவர்கள் முதலாளிகள். 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி நீதிமன்றம் போய் வேலைநிறுத்தத்துக்கு 80 நாள் தடை வாங்கியிருக்கலாம். ஆனால், பாரம் முழுக்கத் தொழிலாளர் தலையில்தான் விழும். போதாக்குறைக்கு, அந்தச் சட்டமே ட்ரூமனுக்கு வேப்பங்காய். அவர் அதை வீட்டோ செய்ய, நாடாளுமன்றம் வீட்டோவையும் மீறி நிறைவேற்றியது. ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அதிபருக்குத் தரலாமா என்ற பேச்சும் அப்போது எழுந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

தர மறுத்ததைத்தான் ட்ரூமன் தானாக எடுத்துக்கொண்டார்.

வழக்கு முதலில் நீதிபதி டேவிட் பைன் முன்னால் வந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் உதவி அட்டர்னி ஜெனரல் ஹோம்ஸ் பால்ட்ரிட்ஜ். அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை என்ன என்று பைன் குடைந்தார். தேர்தல் ஒன்று, பதவிநீக்கத் தீர்மானம் ஒன்று, அவ்வளவுதான் என்றார் பால்ட்ரிட்ஜ். அப்படியென்றால் அரசமைப்புச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு எல்லை வகுத்தது, நீதிமன்றத்துக்கும் வகுத்தது, அதிபருக்கு மட்டும் வகுக்கவில்லையா? ஆமாம், எங்கள் கருத்து அதுதான் என்று பதில் வந்தது. மறுநாள் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. வாதம் எல்லை மீறிவிட்டது என்று வெள்ளை மாளிகையே நெளிய வேண்டியதாயிற்று. கைப்பற்றியது செல்லாது என்று பைன் தீர்ப்பளித்தார்.

உச்ச நீதிமன்றத்தில் ட்ரூமன் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள், நால்வர் ட்ரூமனே நியமித்தவர்கள். குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த ஆள் ஒருவர்கூட அந்த மேடையில் இல்லை. எதிர்த்தரப்பில் ஆலைகளுக்காக வாதாடிய 79 வயது ஜான் டபிள்யூ. டேவிஸும் வேற்றாள் அல்லர். 1924-ல் ட்ரூமனின் அதே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்றவர்.

ஜூன் 2-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறுக்கு மூன்று. ட்ரூமன் தோற்றார்.

அந்த ஆறு பேரில் இருவரைக் கவனிக்க வேண்டும். டாம் கிளார்க், ட்ரூமனின் முன்னாள் அட்டர்னி ஜெனரல். நெருக்கடியில் அதிபருக்கு இயல்பாகவே அதிகாரம் உண்டு என்று 1949-ல் நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர். இப்போது தன்னை நியமித்தவருக்கு எதிராக வாக்களித்தார். இன்னொருவர் ராபர்ட் ஜாக்சன். ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, 1941-ல் கலிஃபோர்னியாவில் ஒரு விமானத் தொழிற்சாலையை அரசு கைப்பற்றியதை நியாயப்படுத்திப் பேசியவர். அதையே எடுத்து அரசுத் தரப்பு அவர் முன் வைத்தது. ஒரு தரப்பின் வக்கீல் பேசியதை, அந்த வக்கீல் நானேயானாலும், நீதிபதியாக ஏற்க முடியாது என்று எழுதிவிட்டார். அதிபரின் அதிகாரத்தை அவர் மூன்று படியாகப் பிரித்தார். நாடாளுமன்றம் சம்மதித்தால் உச்சம், சும்மா இருந்தால் மங்கல், மறுத்திருந்தால் அதலபாதாளம். இன்றைக்கும் எந்த அதிபர் மீது வழக்கு வந்தாலும் இரு தரப்பும் முதலில் புரட்டுவது இந்தப் பக்கங்களைத்தான்.

ட்ரூமன் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் பின்னர் வீட்டில் விருந்து வைத்து அவரைக் கூப்பிட்டார். சட்டம் பிடிக்கவில்லை, விஸ்கி பிரமாதம் என்று ட்ரூமன் சொன்னதாக விருந்துக்குப் போன இன்னொரு நீதிபதி எழுதிவைத்திருக்கிறார்.

அதிபர்கள் வேலி தாண்டுவதில் கட்சி வித்தியாசம் கிடையாது. தடுத்து நிறுத்தியவர்கள் யார் என்று பார்த்தால்தான் சுவாரசியம். எதிர்க்கட்சி போடும் கூச்சலை எந்த அதிபரும் சட்டை செய்வதில்லை. கூச்சல் போடுவது அவர்கள் தொழில் என்று ஒதுக்கிவிடலாம். சொந்த ஆள் ‘முடியாது’ என்றால்தான் கை நிற்கிறது. 1974-ல் நிக்சன் தன் ஒலிநாடாக்களை விசாரணைக்குத் தர மறுத்தபோது உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக 8-0 என்று தீர்ப்பு வந்தது. எட்டுப் பேரில் மூவர் அவரே நியமித்தவர்கள். ஆகஸ்ட் 7-ம் தேதி குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர்கள் மூவர், பேரி கோல்ட்வாட்டர் உட்பட, நேரில் வந்து நாடாளுமன்றத்தில் உங்களுக்கு ஆதரவில்லை என்றார்கள். மறுநாள் இரவே ராஜினாமாவை அறிவித்தார்.

சொந்த ஆட்கள் பணிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ரூஸ்வெல்ட்டின் 1942 உத்தரவு சாட்சி. சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள், முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பிடில் உள்ளுக்குள் எதிர்த்தார், பிறகு விட்டுக்கொடுத்தார். 1944-ல் உச்ச நீதிமன்றமும் 6-3 என்று தலையாட்டியது. மறுத்த மூவரில் ஜாக்சனும் ஒருவர்.

மறுப்பு எவ்வளவு அருகிலிருந்து வரலாம் என்பதற்கு ஜார்ஜ் புஷ் காலத்து மருத்துவமனைக் காட்சி ஒன்று போதும். 2001 தாக்குதலுக்குப் பிறகு நீதிமன்ற அனுமதியில்லாமல் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் ரகசியத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வப்போது அட்டர்னி ஜெனரல் அதற்குக் கையெழுத்திட வேண்டும். 2004 மார்ச்சில், திட்டத்தின் சில பகுதிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நீதித்துறை முடிவெடுத்தது. அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் தீவிர சிகிச்சைப் பிரிவில். பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் கோமி கையெழுத்திட மறுத்தார். மார்ச் 10-ம் தேதி இரவு வெள்ளை மாளிகையிலிருந்து ஆல்பர்டோ கொன்சாலஸும் ஆண்ட்ரூ கார்டும் காகிதத்தோடு நோயாளியின் கட்டிலுக்கே கிளம்பினார்கள். செய்தி கேட்டு கோமி முந்திக்கொண்டு ஓடினார். கட்டிலில் கிடந்த ஆஷ்கிராஃப்ட் தலையைத் தூக்கி, மறுப்புக்கான காரணங்களை அடுக்கினார். இப்போது அட்டர்னி ஜெனரல் நானல்ல, இவர்தான் என்று கோமியைக் காட்டினார். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எஃப்.பி.ஐ. தலைவர் ராபர்ட் முல்லர் உட்படப் பலர் ராஜினாமாவுக்குத் தயாரானதும் புஷ் திட்டத்தை மாற்றினார். முழுவதுமாகக் கைவிடவில்லை என்பது வேறு விஷயம்.

கேட்க விரும்பாத அதிபருக்கு வேறு வழியும் உண்டு: வேறு வக்கீலைக் கேட்பது. 2011-ல் ஒபாமா லிபியா மீது குண்டு வீசினார். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும் என்கிறது 1973-ன் சட்டம். கெடு தாண்டிவிட்டது என்றார்கள் பென்டகனின் தலைமை வழக்கறிஞரும் நீதித்துறையின் சட்ட ஆலோசகரும். இது ‘சண்டை’யே அல்ல என்ற விளக்கம் வெளியுறவுத் துறையின் ஹெரால்ட் கோவிடம் கிடைத்தது. அதிபர்களின் போர் அதிகாரத்தை விமர்சித்து எழுதிப் பெயர் வாங்கிய பேராசிரியர் அவர்! பிரதிநிதிகள் சபை போருக்கு அனுமதி தர மறுத்தது, அன்றே பணத்தை நிறுத்தவும் மறுத்தது. குண்டுகள் தொடர்ந்து விழுந்தன.

பைடன் கதை இன்னும் வேடிக்கை. மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய அதிபருக்கு அதிகாரம் கிடையாது என்று 2021-ல் சொன்னவர் அவர் கட்சியின் சபாநாயகர் நான்சி பெலோசி. மறு ஆண்டு பைடன் தள்ளுபடியை அறிவித்ததும் அதே பெலோசி பாராட்டினார். சுமார் 40,000 கோடி டாலர் திட்டத்தை 2023-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்து செய்த ஆறு நீதிபதிகளும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். பைடன் வேறு சட்டத்தைத் தேடிப் போனார்.

எல்லைச் சுவருக்கு நாடாளுமன்றம் தராத பணத்தை எடுக்க டிரம்ப் 2019-ல் நெருக்கடி நிலை அறிவித்தார். அவர் கட்சியின் 12 செனட்டர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். டிரம்ப்பின் வீட்டோவை முறியடிக்க அந்த எண்ணிக்கை போதவில்லை. 2021 ஜனவரி 6-ம் தேதி விஷயம் அப்படியில்லை. தேர்தல் முடிவை ஏற்காமல் மாநிலங்களுக்குத் திருப்பி அனுப்பு என்ற நெருக்கடிக்கு, அந்த அதிகாரம் தனக்கில்லை என்று எழுத்தில் மறுத்தவர் டிரம்ப்பின் துணை அதிபர் மைக் பென்ஸ். நாலு ஆண்டு எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

2024 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் செனட்டர் ஜே.டி. வேன்ஸிடம் இதே கேள்வி போனது. பென்ஸ் இடத்தில் தான் இருந்திருந்தால் முடிவை அப்படியே ஏற்றிருக்க மாட்டேன், மாநிலங்களிடம் தேர்வாளர்களின் மாற்றுப் பட்டியல் கேட்டிருப்பேன் என்றார். ஜூலையில் டிரம்ப் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார்.

(தொடரும்)